அடம் இல்லீங்க, பயம்!

பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால், எங்கள் திண்டுக்கல்லில் அதற்கு நாலு காரணங்கள் தயாராக இருக்கும். செல்லம் கொடுத்துக் கெடுத்தது, அப்பன் புத்தி, கண் திருஷ்டி, செல்போன். வைத்தியம் மட்டும் ஒன்றுதான்: "ரெண்டு போடு போட்டாத் தன்னால சரியாயிடும்!"

நாகல் நகர் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இந்த நாலையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவர். பையனுக்கு ஒன்பது வயசு. நன்றாகப் பேசுவான், கண்ணைப் பார்த்தே பேசுவான். எந்த ஊர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் ஒப்பிப்பான். ஆனால் "செருப்பைப் போடுடா" என்று சொல்லிவிட்டால் போச்சு! கால் வலிக்கிறது என்பான். தான் இப்போது பூனை, பூனை செருப்புப் போடாது என்பான். இன்னும் வற்புறுத்தினால் அலறல், உதை.

பிடிக்காத வேலை போலிருக்கிறது என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. பிரியாணி என்றால் அவனுக்கு உயிர். "வா, பிரியாணி சாப்பிடு" என்று கூப்பிட்டால் அதற்கும் வர மாட்டான். கூப்பிட்டதுதான் குற்றம்!

இந்தச் சமாச்சாரத்துக்கு இங்கிலாந்தில் ஒரு பெயர் உண்டு. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியையாக இருந்த எலிசபெத் நியூஸன், ஆட்டிசம் போலவும் தெரிந்து, பாடப்புத்தக ஆட்டிசத்துக்குள் அடங்காமலும் இருந்த சில குழந்தைகளை 1980-களில் கவனித்தார். 'பேத்தலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ்' என்று பெயர் வைத்தார். சுருக்கமாக பி.டி.ஏ. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் நுழையும். ஒன்றைச் செய்யச் சொன்னால் மற்றப் பிள்ளைகளுக்கு எரிச்சல் வரும். இவர்களுக்குப் பதற்றம் வருகிறது. பிடி தன் கையை விட்டுப் போகிறதே என்கிற பயம். தப்பிக்க எது கிடைத்தாலும் சரி... சாக்கு, நடிப்பு, சிரிப்பு, கடைசியில் உதை. 2003-ல் மருத்துவப் பத்திரிகையில் இதை அவர் கட்டுரையாகவும் எழுதினார்.

டாக்டர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது தனியாக இல்லை. ஆட்டிசத்தின் ஒரு சாயல் என்கிறது ஒரு கட்சி. பதற்றத்துக்கு எதற்குத் தனிப் பெயர் என்கிறது இன்னொரு கட்சி. அடியேன் பி.காம்., தீர்ப்புச் சொல்ல யோக்கியதை இல்லை. ஆனால் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை நாங்கள் சஸ்பென்ஸ் கணக்கில் பத்திரமாக வைப்போம். கிழித்து எறிய மாட்டோம். பிள்ளைக்கும் அந்த மரியாதையாவது வேண்டாமா?

புரியாத குறைக்குத் தாயைக் குற்றவாளி ஆக்குவது பழைய வழக்கம். அமெரிக்காவில் ஒரு காலத்தில், ஆட்டிசத்துக்கே தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று சொல்லி 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்று பட்டமே கட்டினார்கள். அது தப்பு என்று 1964-ல் புத்தகம் போட்ட பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. லண்டன் டாக்டர் லோர்னா விங்குக்கு மகள் சூசி. 1962-ல் மற்றப் பெற்றோரோடு சேர்ந்து சங்கம் கண்டார். 1981-ல் ஆஸ்பெர்கர் பற்றி எழுதி, நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கும் ஆட்டிசம் இருக்கலாம் என்று உலகத்துக்குப் புரியவைத்தார்.

நம் நாட்டில் மெர்ரி பரூவா. மகன் நீரஜுக்கு ஆட்டிசம். 1991-ல் டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' தொடங்கினார். 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைகள் இருந்தன, ஆட்டிசம் இல்லை! பெற்றோர்கள் விடவில்லை. 1999-ல் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் பெயர் ஏறியது. 2016 சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றானது. ஒரு வார்த்தை பட்டியலில் ஏற 25 வருஷம்!

பட்டியலில் ஏறினால் போதுமா? "கண்ணைப் பார்த்துப் பேசுறானே, இவனுக்கா ஆட்டிசம்?" என்று ஒரு டாக்டரே அக்காவைத் திருப்பி அனுப்பினார். இன்னோர் இடத்தில்தான் பி.டி.ஏ. என்ற பேச்சு அடிபட்டது.

அக்காவின் இயக்கம் அரைப்பக்க ஜெராக்ஸ். "என் மகன் அடம் பிடிக்கவில்லை. அவனால் முடியவில்லை. உத்தரவு போடாதீர்கள். அடிக்காதீர்கள்" என்று ஆரம்பிக்கும். டீச்சர், வேன் டிரைவர், டியூஷன் அண்ணன், மாமியார் எல்லோருக்கும் ஒரு காப்பி. எந்த வார்டில் நிற்கிறீர்கள் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டாராம்!

பூட்டு வேலை பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தா படித்துவிட்டு, "நம்ம ஊரு ட்ரிக் பூட்டு மாதிரிம்மா. பலத்தைக் காட்டினா சாவிதான் முறியும்" என்றாராம். அக்காவுக்கு அந்தத் தந்திரம் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. "செருப்பு எங்க போச்சுன்னே தெரியலையே" என்று தனக்குத்தானே புலம்புவார். பையன் எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். சில நாள் இதுவும் பலிக்காது. அன்றைக்கு வெறுங்காலோடு வேன் ஏறுவான். ஏறினானே, அது போதும் என்பார்.

இப்போது பிரச்னை அரையாண்டுப் பரீட்சை. கேள்வித்தாளை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுங்கள், 'எழுது' என்று மட்டும் சொல்லாதீர்கள்... இவ்வளவுதான் அக்கா எழுதிக் கொடுத்திருக்கும் மனு. "ஒருத்தனுக்குன்னு தனிச் சட்டமா?" என்கிறாராம் ஹெட்மாஸ்டர். க்ளாஸ் டீச்சர் மட்டும் ஜெராக்ஸை இன்னொரு தரம் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.