பாட்டியின் பின்னணி

பாட்டி தவறி ஐந்தாம் நாள், அத்தை ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே ஒரு குரல்பதிவு: "தம்பி, பதினாறாம் நாளுக்கு இதைத்தான் பெருசு பண்ணி வைக்கப்போறோம். பின்னால இருக்கிற லயத்து வீடெல்லாம் வேணாம்யா. நாலு பேரு வருவாங்க. எடுத்துட்டு, வெறும் நீலம் போட்டுக் குடு."

ஒரு நிமிட வேலை என்று நினைத்தேன். 2022-இல் ஐஓஎஸ் 16 வந்தது முதல், ஐபோனில் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே ஆள் மட்டும் தனியாகப் பிரிந்து வருவார். பாட்டியும் வந்தார். ஆனால் கொண்டையில் இருந்த பூச்சரத்தில் பாதியைக் காணோம். வெள்ளைப் பூ, வெளிறிய பலகைச் சுவர். வித்தியாசம் தெரியாமல் கைப்பேசி இரண்டையும் சேர்த்து வெட்டிவிட்டது. காதோர முடிகளும் போய்விட்டன.

"அம்மா மாதிரியே இல்லையே" என்றார் அத்தை.

வானொலியிலும் இப்படித்தான். பின்னணி இரைச்சலை அளவுக்கு மீறி எடுத்தால், பேசுபவர் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கும்.

வாட்ஸ்அப்பில் வந்தது சுருங்கிய படம். அதனால் ஆல்பத்தில் இருந்த அசலை வாங்கி ஸ்கேன் செய்துகொண்டு, மறுநாள் அத்தை வீட்டில் போட்டோஷாப்பைத் திறந்தேன். இதில் அழிப்பானைத் தொடக்கூடாது. அழித்துச் சேமித்துவிட்டால் போனது போனதுதான். 'லேயர் மாஸ்க்' என்பது படத்தின் மேல் போடும் திரை. கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும். 'செலக்ட் சப்ஜெக்ட்' கொடுத்து, முடி ஓரங்களை 'ரிஃபைன் எட்ஜ்' தூரிகையால் தடவி, மாஸ்க் போட்டேன். பிறகு நிதானமாக வெள்ளை பூசப் பூச, பூச்சரம் திரும்பி வந்தது.

இடுப்புப் பக்கம் சேலையில் ஏதோ கறை மாதிரி தெரிந்தது. பெரிதாக்கினேன். நான்கு சின்ன விரல்கள்.

மாஸ்க்கை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். லயத்து வீடு முழுதாக வந்தது. கதவோர இருட்டில், பாட்டியின் முந்தானையைப் பிடித்தபடி பாதி மறைந்து நின்றது ஒரு பிள்ளை.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அது நான்தான்யா."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வீடு இருந்துட்டுப் போகட்டும்யா" என்றார்.

பதினாறாம் நாள் மாலை போட்டது லயத்து வீட்டுப் படத்துக்குத்தான். நீலப் பின்னணிப் படம் நாளிதழ் நினைவஞ்சலிக்குப் போனது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வேலை வரும். வாட்ஸ்அப்பில் படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வெட்டியெடுத்ததை பிஎன்ஜி-யாகச் சேமியுங்கள். ஜேபெக் ஆக்கினால் வெட்டிய இடம் வெறுமையாக இருக்காது, பெரும்பாலும் வெள்ளையாகிவிடும். அசலை மட்டும் யார் சொன்னாலும் அழிக்காதீர்கள். இன்று வேண்டாம் என்பவரே நாளை தேடி வருவார்.