இந்துப்பு வாங்குறது நீங்க, விலை கொடுக்கிறது வயித்துல இருக்கிற குழந்தை

1/ "அயோடின் உப்பு சாப்பிட்டுதான் தைராய்டு வந்துச்சு டாக்டர், அதான் இந்துப்புக்கு மாறிட்டோம்." ஓபியில் அடிக்கடி கேட்கிற வசனம். சேத்துப்பட்டு, ஆரணி பக்கம் தறிக்கார வீடுகள் வரைக்கும் இந்துப்பு வந்தாச்சு. இது தப்பு. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ முதல்ல, தைராய்டுங்கிறது நோயோட பேர் இல்ல. கழுத்துல முன்பக்கம் இருக்கிற சுரப்பி, எல்லாருக்கும் உண்டு. அது சுரக்கிற தைராக்ஸினுக்கு மூலப்பொருள் அயோடின். எவ்வளவு நல்ல தறியா இருந்தாலும் பட்டு நூல் இல்லாம புடவை வருமா? அதே கணக்குதான்.

3/ சுரப்பு குறைஞ்சா: அசதி, எடை கூடுறது, மலச்சிக்கல், முடி கொட்டுறது, குளிர் தாங்காம போறது, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, கரு தங்காம போறது. கூடினா: எடை இறங்கும், படபடப்பு, கை நடுக்கம். நாள் முழுக்க தறியில உட்கார்ற பெண்கள் "வேலை அப்படி, அதான் அசதி"ன்னு வருஷக்கணக்கா ஓட்டிடுறாங்க. டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை ஒண்ணு போதும், பெரும்பாலும் தெரிஞ்சிடும்.

4/ "அயோடின் உப்புதானே சாப்பிட்டோம், அப்புறம் ஏன் வந்துச்சு?" நியாயமான கேள்வி. இப்போ பெரியவங்களுக்கு வர்ற சுரப்புக் குறைவுக்கு முக்கியக் காரணம் ஹாஷிமோட்டோ. நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம சுரப்பியைத் தாக்குற நோய். ஜப்பான் மருத்துவர் ஹாஷிமோட்டோ இதை எழுதினது 1912-ல். சுவிட்சர்லாந்துல அயோடின் உப்பு விற்பனைக்கு வந்ததே 1922-ல் தான்!

5/ ஒண்ணை மறைக்க விரும்பல. அயோடின் கூடும்போது சிலருக்கு இந்த எதிர்ப்பு சக்திக் கோளாறு கொஞ்சம் கூடலாம். அதுக்கு மாத்திரை இருக்கு, நல்லா வாழலாம். அயோடின் இல்லாம போனா வர்ற சேதத்துக்கு என்ன இருக்கு? அடுத்ததைப் படிங்க.

6/ கர்ப்பத்தோட முதல் மூணு மாசம் குழந்தைக்குச் சொந்தமா தைராக்ஸின் கிடையாது. அம்மாகிட்ட இருந்து வர்றதுதான். மூளை உருவாகிற நேரம் அது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேணும். அப்போ கடுமையான குறைவு இருந்தா, குழந்தையோட அறிவு வளர்ச்சி பாதிக்கும். பிறந்த பிறகு எந்த டானிக்காலயும் அதைத் திருப்பித் தர முடியாது.

7/ "கடல் உப்புல இயற்கையாவே அயோடின் இருக்கே?" கிட்டத்தட்ட இல்லை. கடல் மீன்ல இருக்கு. உப்பளத்துல காய்ஞ்ச உப்புல மிஞ்சுறது ரொம்பச் சொற்பம். தனியா சேர்த்தாதான் உண்டு. மலையில வெட்டி எடுக்கிற இந்துப்பும் அப்படித்தான்.

8/ இது வெளிநாட்டு கம்பெனி சதியாம்! 1956-ல் ராமலிங்கசுவாமி தலைமையில நம்ம மருத்துவர்கள் இமாச்சல் காங்ரா பள்ளத்தாக்குல அயோடின் உப்பு கொடுத்துப் பார்த்தாங்க. முன்கழுத்துக் கழலை தெளிவா குறைஞ்சது. 1962-ல் தேசியத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடியா சாப்பிட விற்கக் கூடாதுன்னு 2006-ல் நாடு முழுக்கத் தடையும் வந்தது.

9/ இப்போ வெட்கப்பட வேண்டிய கணக்கு. 2018-19 இந்திய அயோடின் ஆய்வுல, போதுமான அயோடின் உள்ள உப்பு சாப்பிடுற வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவீதம். தமிழ்நாட்டுல 61.9. கடைசி இடம் நமக்கு. தூத்துக்குடியில உப்பு விளைவிக்கிற மாநிலம் நாம!

10/ ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுறீங்களா? உப்பை மாத்தி மாத்திரையை நிறுத்தாதீங்க. காலையில வெறும் வயித்துல, தண்ணியோட மட்டும். காபி, டிபன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழிச்சு. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி. கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே டாக்டரைப் பாருங்க. பெரும்பாலும் டோஸ் கூட்ட வேண்டி வரும், குறைக்க இல்ல.

11/ "உப்பு சாப்பிட்டா பிபி ஏறுமே?" ஏறும். இந்துப்பும் சோடியம்தான், அதுலயும் ஏறும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள்ள, 5 கிராம். உப்பைக் குறைங்க, அயோடினைக் குறைக்காதீங்க.

12/ கல் உப்பு, தூள் உப்பு எதுவா இருந்தாலும் சரி, பாக்கெட்டைத் திருப்பி "அயோடின் கலந்தது"ன்னு இருக்கா, சிரிக்கிற சூரியன் படம் இருக்கான்னு பாருங்க. மூடி போட்ட டப்பாவுல வைங்க, அடுப்புப் பக்கத்துல வைக்காதீங்க. அயோடின் உப்புக்கு எதிரா வீடியோ போடுறவங்க கடையில என்ன உப்பு விற்குதுன்னும் ஒரு தடவை பாருங்க. வீட்டுல கர்ப்பிணி இருந்தா, இன்னைக்கே அந்த இந்துப்பை எடுத்து ஓரமா வைங்க.