அழுகையை நிறுத்தியது யார்?

என் தமக்கை மகள் பெங்களூரில் வசிக்கிறாள். அவளுடைய தலைப்பிள்ளைக்கு இப்போது ஆறாவது வாரம் நடக்கிறது. பகலெல்லாம் பரம சாதுவாகத் தூங்கும் அந்தக் குழந்தை, மாலை ஆறு மணியானால் வீறிட்டு அழத் தொடங்கி, ஒன்பது மணிக்குத்தான் ஓய்கிறதாம். பால் கொடுத்தாலும் பயனில்லை. தோளில் போட்டாலும் பயனில்லை. சென்ற ஞாயிறன்று தொலைபேசியில் அழைத்தவள், "மாமா, இங்கே எலும்பையும் தசையையும் கையாலேயே சரிசெய்கிற நிலையம் ஒன்று இருக்கிறதாம். பிரசவத்தின்போது கழுத்தெலும்பு சற்றுப் பிசகியிருக்கும், ஆறு தடவை வந்தால் அழுகை நின்றுவிடும் என்கிறார்கள். அழைத்துப் போகலாமா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கும் தொண்டை அடைத்துவிட்டது.

எனக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால், இருபது ஆண்டுகளுக்கு முன் இதே நாடகம் எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. எங்கள் மூத்த பையன் மாலைதோறும் அழுது தெருவையே கூட்டினான். எதிர்வீட்டுப் பாட்டி ஒருநாள் வந்து அவனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உரம் விழுந்திருக்கிறதடா, பழைய வேஷ்டி ஒன்று கொண்டு வா" என்றாள். வேஷ்டியின் இரு தலைப்பையும் பாட்டியும் என் மனைவியும் பிடித்துக்கொள்ள, குழந்தை அதில் இப்புறமும் அப்புறமுமாக மெல்ல உருண்டது. மூன்று நாள் இப்படி உரம் எடுத்தாள். அடுத்த வாரமே அழுகை குறையத் தொடங்கிற்று. அன்றுமுதல் எங்கள் வீட்டில் பாட்டிக்கு மிஞ்சிய வைத்தியர் கிடையாது.

பாட்டி காவிரிக் கரையைத் தாண்டி அறியாதவள். ஆனால் அவள் கொண்டிருந்த எண்ணத்தையே ஒரு சாஸ்திரமாக அமைத்தவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பது அவர் பெயர். 1864-ஆம் ஆண்டு மூளைச்சவ்வுக் காய்ச்சலில் தம் குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்தவர். அந்நாளைய மருந்துகளில் நம்பிக்கை இழந்த அவர், உடலின் சட்டகம் பிசகுவதால் நோய் வருகிறது, அதைக் கையால் நேர்செய்தால் உடல் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் என்று 1874-இல் அறிவித்தார். அதற்கு ஆஸ்டியோபதி என்று பெயர் சூட்டி, 1892-இல் மிசௌரி மாகாணத்துக் கிர்க்ஸ்வில் நகரில் ஒரு கல்லூரியும் தொடங்கினார். 1895-இல் பாமர் என்பவர் முதுகெலும்பையே பிரதானமாகக் கொண்டு கைரோபிராக்டிக் என்ற முறையைத் தொடங்கினார். ஸ்டிலின் கல்லூரியில் படித்த சதர்லண்ட், மண்டையோட்டு எலும்புகளையும் விரலால் தொட்டுச் சீர்செய்யலாம் என்றார். (இன்று அமெரிக்காவில் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர்கள் மருந்தும் அறுவைச் சிகிச்சையும் கையாளும் முழு வைத்தியர்களே. வேறு பல நாடுகளில் அப்பெயர் கைச்சிகிச்சை செய்வோரை மட்டுமே குறிக்கும்.)

மூன்று பிள்ளைகளை இழந்த தகப்பனை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது. ஆயினும், குணமானதா என்ற கேள்வியோடு எதனால் குணமானது என்ற கேள்வியையும் கேட்கத்தானே வேண்டும்?

இக்கேள்வியை இரு நாட்டார் கேட்ட விதத்தைப் பாருங்கள். 1999-இல் டென்மார்க்கில் ஓயாது அழும் குழந்தைகள் ஐம்பது பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு முதுகெலும்பில் கைச்சிகிச்சை. மறு பாதிக்கு டைமெதிகோன் என்னும் வாயு நீக்கும் சொட்டு மருந்து. நான்காம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், மருந்து உண்ட குழந்தைகளின் அழுகை நாளொன்றுக்கு 1 மணி நேரமும், சிகிச்சை பெற்ற குழந்தைகளின் அழுகை 2.4 மணி நேரமும் குறைந்திருந்தன. கைக்கே வெற்றி என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அழுகையைக் கணக்கெழுதியவர்கள் பெற்றோர்கள். தம் குழந்தைக்கு எந்தச் சிகிச்சை நடக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம்பிக்கையோடு எழுதுகிறவன் கையில் கடிகாரமும் சற்றே வளைந்து கொடுக்கும். ஐந்து நிமிஷச் சிணுங்கலை அழுகையில் சேர்ப்பதா வேண்டாமா என்பது அவனவன் மனத்தைப் பொறுத்தது.

நார்வே நாட்டுப் பெர்கன் நகரத்தார் இன்னும் ஜாக்கிரதையாக இருந்தார்கள். அவர்களுடைய ஆராய்ச்சி 2001-இல் வெளியாயிற்று. அங்கே பெற்றோரை வெளியே உட்கார்த்திவிட்டு, நர்ஸ் ஒருத்தி குழந்தையை உள்ளே எடுத்துச் சென்றாள். 46 குழந்தைகளுக்குச் சிகிச்சை நடந்தது. மற்ற 40 குழந்தைகளையும் அதே போல உடை தளர்த்தி, பத்து நிமிஷம் அவள் வெறுமனே கையில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள். இப்படி மூன்று தடவை. எக்குழந்தைக்கு எது நடந்தது என்பது பெற்றோருக்குத் தெரியாது. முடிவில், சிகிச்சை பெற்ற 46 பேரில் 32 பேருக்குக் குணம் தெரிந்தது. நர்ஸ் கையில் வெறுமனே இருந்த 40 பேரில் 24 பேருக்கும் குணம் தெரிந்தது! இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவே நேரக்கூடியது.

2012-இல் இத்தகைய ஆறு பரிசோதனைகளை, மொத்தம் 325 குழந்தைகளை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்தவர்களும் இதையேதான் கண்டார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் சிகிச்சைக்குப் பலன் இருந்தது. பெற்றோர் அறியாதபடி நடந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், பலன் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அப்படியானால் அந்த இருபத்து நான்கு குழந்தைகளைக் குணப்படுத்தியது யார்? காலந்தான். இவ்வகை அழுகை பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி, ஆறாம் வாரத்தில் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதத்துக்குள் தானே அடங்கிவிடுகிறது. பெற்றோர் எப்போது வைத்தியரைத் தேடி ஓடுவார்கள்? உச்சத்தில்தான். உச்சத்திலிருந்து போகும் வழி இறக்கம் ஒன்றே. அந்த வாரத்தில் யார் கை வைத்தாலும் அவர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். எங்கள் பையனுக்குப் பாட்டி உரம் எடுத்தபோது எத்தனை வாரம் என்று பழைய நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். ஏழாவது வாரம்.

பெரியவர்களின் முதுகுவலியும் இந்த வகையைச் சேர்ந்ததே. அது ஏறும், இறங்கும். தாங்க முடியாத நாளில்தான் நாம் வைத்தியரிடம் போகிறோம். 2021-இல் வெளியான பிரெஞ்சு ஆராய்ச்சியில் இடுப்புவலிக்காரர்கள் 400 பேரில் ஒரு பகுதியாருக்கு ஆஸ்டியோபதிச் சிகிச்சையும், மற்றவர்களுக்கு அதைப்போல நடித்து லேசாகத் தொடுவதும் ஆறு தடவை நடந்தன. மூன்று மாதத்துக்குப் பின், நூறு புள்ளி கொண்ட அளவுகோலில் உண்மைச் சிகிச்சையால் 4.7 புள்ளியும் போலிச் சிகிச்சையால் 1.3 புள்ளியும் சிரமம் குறைந்திருந்தன. வித்தியாசம் உண்டு; ஆனால் நோயாளி உணரத்தக்கதா என்பது சந்தேகமே. உலக சுகாதார ஸ்தாபனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியில் நாட்பட்ட இடுப்புவலிக்குக் கைச்சிகிச்சையையும் ஒரு வழியாகச் சேர்த்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயது வந்தவர் தம் காசைக் கொடுத்துத் தம் இடுப்பைக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. கழுத்து நிற்காத சிசு விஷயம் வேறு. அது "போதும்" என்று சொல்லாது.

இதனால் கைக்கே மகிமையில்லை என்று நான் சொல்லவில்லை. குறைமாதத்தில் பிறந்த 40 குழந்தைகளை வைத்து 1986-இல் மயாமியில் நடந்த ஆராய்ச்சியில், தினம் மூன்று வேளை, வேளைக்குப் பதினைந்து நிமிஷம், பத்து நாள் தடவிக்கொடுக்கப்பட்ட குழந்தைகள் மற்றவற்றைவிட 47 சதவீதம் அதிகமாக எடை ஏறின. அவை ஆறு நாள் முன்னதாக வீட்டுக்கும் போயின. அங்கே எவரும் எந்த எலும்பையும் நேர்செய்யவில்லை.

ஆகவே என் தமக்கை மகளுக்கு இப்படிச் சொன்னேன்: "முதலில் குழந்தை வைத்தியரிடம் காட்டி எடை போட்டுப் பார். காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல், துவண்டு போதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை என்று தள்ளாதே. ஒன்றும் இல்லையென்றால் அந்த ஆறு தடவைக்குக் கொடுக்கும் பணத்தில், மாலை வேளைக்கு வீட்டில் ஒரு சமையற்காரியை வைத்துக்கொள். உன் கணவர் ஏழு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கட்டும். இருவருக்கும் பொறுமை போய்விட்டால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டுப் பத்து நிமிஷம் வெளியே வாருங்கள், அழுதால் அழட்டும். கோபத்தில் மட்டும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிடாதீர்கள். அது மூளையையே சேதப்படுத்திவிடும்."

"இன்னும் எத்தனை வாரம், மாமா?" என்றாள். உச்சம் இதுதான், இனிக் குறையும் என்றேன். அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டுமா என்பது போல் ஒரு பெருமூச்சு கேட்டது. அதன் பின்னால் குழந்தையின் குரலும் கேட்டது.

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, நான் தொலைபேசியை வைத்ததும், "பாட்டி மட்டும் இப்போது இருந்திருந்தால் மூன்றே நாளில் நிறுத்தியிருப்பாள்" என்றாள். நாட்குறிப்பை எடுத்துக் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டவில்லை.