ஓய்வும் பயிற்சியே!

புலி பதுங்குவது பாய்வதற்கே என்பார்கள். நாமோ பாயத் தெரிந்தவர்கள், பதுங்கத் தெரியாதவர்கள்!

கடந்த ஆண்டு விடுதிகளுக்கிடையிலான ஓட்டப் போட்டிக்கு நான் தேர்வு பெற்றேன். தமிழ்ப்பள்ளியின் இல்ல விளையாட்டுப் போட்டியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியின் குறுக்கோட்டம்வரை ஓடிப் பழகிய கால்கள் அல்லவா? ஆறு வாரம், ஒரு நாள்கூட ஓய்வின்றி ஓடினேன். இரவு பதினொரு மணிக்குப் பயிற்சி முடியும். பிறகு மாமாக் கடையில் தே தாரேக். அறைக்குத் திரும்பினால் இடுபணி. தூக்கம் நான்கு மணி நேரம். முன்கால் எலும்பில் வலி எடுத்தபோது கோடாலித் தைலத்தைத் தேய்த்துவிட்டு மறுநாளும் ஓடினேன். போட்டிக்கு ஒன்பது நாள் முன்பு, எலும்பில் அழுத்த முறிவு என்றார் மருத்துவர். போட்டியன்று நான் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தேன்.

இது என் தவறு மட்டுமல்ல. நம் மனப்போக்கின் தவறும்கூட. உழைப்பைப் போற்றும் நாம், ஓய்வைச் சோம்பலாகவே எண்ணுகிறோம். உண்மையில், பயிற்சியின்போது உடல் களைத்துத் தேய்கிறது. அதைச் சீர்செய்யும் நேரத்தில்தான் வலுப்பெறுகிறது. சீர்செய்ய நேரம் தராவிட்டால் உழைப்பு வீண்தானே?

மறுநாள் வரும் தசைவலிக்கு லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று பலர் இன்றும் நம்புகிறோம். ஆனால், கடும் பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு இறங்கிவிடும். 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சமடையும் அந்த வலி, தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது.

இதற்கு மருந்தாகப் பனிக்கட்டி நீரில் அமிழ்வது இன்று நாகரிகமாகிவிட்டது. அது வலியைச் சற்றுக் குறைக்கலாம். ஆயினும், எடைப்பயிற்சிக்குப் பின் அதை வழக்கமாக்கினால் தசை வளர்ச்சி குறைவதாக 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

நமக்குத் தேவையானவை எளியவை. முதலாவது, தூக்கம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 11 கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் சில வாரங்கள் கூடுதலாகத் தூங்கியபோது, அவர்களின் ஓட்ட வேகமும் பந்தெறியும் துல்லியமும் கூடின என்கிறது 2011இல் வெளிவந்த ஆய்வு. இரண்டாவது, உணவு. சோறு செலவான ஆற்றலை மீட்கும்; மூன்று முட்டையும் ஒரு குவளைப் பாலும் ஏறக்குறைய 25 கிராம் புரதம் தரும். மூன்றாவது, நீர். பயிற்சியில் ஒரு கிலோ எடை குறைந்தால், ஒன்றரை லிட்டர்வரை சிறிது சிறிதாகப் பருக வேண்டும். இவற்றுக்கெல்லாம் பெரிய செலவு உண்டா?

“தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தாத்தாவுக்கு ஏது ஓய்வு?” என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். என் தாத்தாவும் பால்மரம் வெட்டியவர்தான். அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. தேவைப்படவில்லை என்று பொருளல்ல. அறுபது வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் படியேறியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது.

ஆகவே, நம் கழகத்தின் விளையாட்டு விழாவை நடத்தும் நண்பர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். இரவுப் பயிற்சியை ஒன்பதரை மணிக்குள் முடியுங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுங்கள். ஒருவர் எலும்பில் ஒரே இடத்தில் வலிக்கிறது என்றால், அவரைக் கோழை என்று கேலி செய்யாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அடுத்த விழாவில் நம் ஆட்டக்காரர்கள் பார்வையாளர் வரிசையில் அல்ல, திடலில் நிற்க வேண்டும். சிந்திப்போம், செயல்படுவோம்!