பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள்



ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் ஆலய முற்றத்தில் வாரந்தோறும் ஒரு காட்சியைக் காண்கிறேன். எழுபது வயதைக் கடந்த ஒருவர் படியில் இறங்குமுன்பே இரண்டு மூன்று கைகள் நீளுகின்றன. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வருகிறது. "அப்பா, நீங்க உட்காருங்க, காரை இங்கேயே கொண்டுவரேன்" என்று மகன் ஓடுகிறான். அன்பினால் செய்யப்படுகிற காரியம்தான். ஆனாலும் அந்த அன்பைக் குறித்து நான் இன்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்குத் தகுதி உண்டு; அதே தவற்றை என் வீட்டில் நானே செய்தேன்.

என் தகப்பனார் கிராமச் சபைகளில் உபதேசியாராக ஊழியம் செய்தவர். மூன்று சிற்றூர்களுக்கு அவர் ஒருவரே. சைக்கிள் ஓட்டத் தெரியாது. தேரிக்காட்டுச் செம்மணலில், வெயில் ஏறுமுன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துபோவார். ஓய்வுபெற்று என்னோடு தங்க வந்தபோது, முதல் மாதம் தாமே கடைக்கு நடந்துபோய்ப் பால் வாங்கி வந்தார். நான்தான் தடுத்தேன். தெருவில் வண்டிகள் அதிகம் என்று காரணம் சொன்னேன். போதகர் வீட்டுப் பெரியவரைப் பால் வாங்க அனுப்புகிறார்கள் என்று நாலுபேர் பேசுவார்களே என்பது சொல்லாத காரணம். கூடத்தில் அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டோம். அவர் மறுத்துப் பேசவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கழிவறைக்குப் போகச் சுவரைப் பிடிக்கத் தொடங்கினார். ஓர் இரவு விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் நடக்கவில்லை. பரிசோதித்த மருத்துவர் எலும்பைப் பற்றிப் பேசுமுன் கேட்ட கேள்வி இன்னும் என் செவியில் இருக்கிறது: "தொடையில் சதையே இல்லையே, இவர் நடப்பதே இல்லையா?"

முதுமையில் தசை இயல்பாகவே குறைகிறது. பயன்படுத்தாவிட்டால் வெகு விரைவாகக் குறைகிறது. தடுமாறும்போது சட்டென்று ஒரு காலை முன்வைத்து நம்மைத் தாங்குவது அந்தத் தசைதான். அவர் விழக்கூடாது என்று உட்கார வைத்தோம்; உட்கார்ந்ததே அவரை விழச் செய்தது.

இதைச் சொல்லும்போதெல்லாம் சபையில் யாராவது ஒருவர் 1 தீமோத்தேயு 4:8-ஐ எடுத்துக் காட்டுகிறார்: சரீர முயற்சியினால் அதிகப் பயனில்லை என்று பவுலே எழுதியிருக்கிறாரே என்று. பவுல் அங்கே தேவபக்தியோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். பயனே இல்லை என்று அவர் சொல்லவில்லை. மேலும், மூலமொழியாகிய கிரேக்கத்தில் அங்குள்ள சொற்றொடருக்குச் சிறிதளவு பயன் என்றும், சிறிது காலத்துக்குப் பயன் என்றும் பொருள் கொள்ளலாம். தேவபக்தி மறுமைக்கும் உதவும், உடற்பயிற்சி இம்மைக்கு மட்டுமே உதவும் என்றால், இம்மையில் இருக்கிற வரைக்கும் அது வேண்டியதுதானே! காலை நடைக்குச் சோம்பலை மறைக்க அந்த வசனத்தைப் பயன்படுத்துகிறவர்கள், இரவு விருந்தில் மூன்றாம் முறை பிரியாணி வாங்கும்போது அதை நினைப்பதில்லை.

அதை எழுதிய பவுல் எப்படி நடந்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். துரோவாவில் விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார். ஐத்திகு ஜன்னலிலிருந்து விழுந்தது அந்த இரவில்தான். மறுநாள் உடன் ஊழியர் அனைவரும் கப்பலேறினார்கள். பவுல் மட்டும் ஆசோ பட்டணம்வரை கரைவழியாய்ப் போகத் தீர்மானித்தார். கிரேக்கத்தில் அங்கே இருக்கிற வினைச்சொல்லுக்குக் கால்நடையாய்ப் போவது என்ற பொருளும் உண்டு. தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அப்போது அவர் இளைஞர் அல்லர். கப்பலில் இடமும் இருந்தது. ஏன் நடந்தார் என்று லூக்கா சொல்லவில்லை. (இரவெல்லாம் பிரசங்கித்தபின் சற்றுத் தனியாக நடக்க ஆசைப்பட்டிருந்தால், எந்தப் போதகருக்கும் அது விளங்கும்.)

நான் உங்களிடம் 30 கிலோமீட்டர் கேட்கவில்லை. கைப்பேசி கேட்கிற 10,000 காலடிகளையும் கேட்கவில்லை. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்த அளவு அன்று. சராசரியாக 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 காலடிகள் நடந்தவர்களைவிட 4,400 காலடிகள் நடந்தவர்களிடையே மரணங்கள் குறைவாக இருந்தன. சுமார் 7,500-க்குமேல் கூடுதல் பயன் தென்படவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் நடக்கிறார்கள் என்றும் சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனாலும் 10,000 என்ற எண்ணுக்குப் பயந்து வீட்டிலேயே இருக்கிற நம் தாய்மாருக்கு இது நல்ல செய்தி. சர்க்கரை உள்ளவர்கள், நானும் அவர்களில் ஒருவன், உணவுக்குப்பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே இரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. நெஞ்சுவலி, மயக்கம், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

மகன்களே, மருமகள்களே, பெற்றோரை நடக்கச் சொல்லி அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். அவர்கள் வேகத்துக்கு நடங்கள். கையைப் பிடித்து இழுக்காமல், வேண்டும்போது பிடித்துக்கொள்ளும்படி உங்கள் கையை அருகில் வைத்திருங்கள். அரை மணி நேரம் கைப்பேசி இல்லாமல் அப்பாவோடு பேசி எத்தனை நாளாயிற்று?

வருகிற வாரம் முதல் செவ்வாய், வியாழன், சனி காலை ஐந்தேமுக்கால் மணிக்கு ஆலய வாசலில் இருப்பேன். அங்கிருந்து கல்லறைத் தோட்டத்து மதில்வரை போய்த் திரும்பினால் ஒன்றரைக் கிலோமீட்டர். பாதி வழியில் வேப்பமரத்தடித் திண்ணையில் உட்கார்ந்து கொள்ளலாம். பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ அணிந்து வாருங்கள்; ரப்பர் செருப்பு வேண்டாம். கைத்தடி கொண்டுவர யாரும் வெட்கப்பட வேண்டாம். மழை பெய்தால் ஆலயத்துக்குள்ளேயே சுற்றி நடப்போம். வடக்கு வாசலைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.