சங்கிலியனுக்கு ஒரு மூக்கு

மூன்று கிழமையாக இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. சோதனை இல்லை, காய்ச்சலும் இல்லை. ஒரு ராசாவுக்கு மூக்குச் செய்துகொண்டிருந்தேன். சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான்.

சனி, ஞாயிறு நான் வேலை செய்யிறது லாச்சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில். பாரிசுக்கு வராத ஆக்களுக்குச் சொல்வதென்றால், கார் து நோர் ரயில் நிலையத்தால் வெளியில் வந்து ஃபோபூர் சென் தெனி வீதியால் மேலே நடந்தால் முருங்கைக்காய், புடவைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டிச் சத்தம் எல்லாம் வரிசையாக வரும். அதுதான் எங்கட லாச்சப்பல். கடைக்கார அண்ணை வருசா வருசம் வாடிக்கையாளருக்குக் கலண்டர் குடுக்கிறவர். வழமையாக முருகன், இல்லாட்டில் லட்சுமி. இந்த முறை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ கொம்பியூட்டரில ஆள் செய்யிற படிப்புத்தானே படிக்கிறாய்? எங்கட சங்கிலியனை ஒருக்காச் செய்து தா. சும்மா படம் மாதிரி வேண்டாம். உயிரோட நிக்கிற மாதிரி இருக்கோணும்."

"எந்தச் சங்கிலியன் அண்ணை? ரெண்டு பேர் இருக்கினம்."

"நல்லூரில குதிரையில நிக்கிறவர்."

அந்தச் சிலையை 1974இல் வைத்தார்கள், 2011இல் புதுப்பித்துத் திறந்தார்கள். அண்ணை கேட்டது கடைசி ராசாவை. 1617இல் ஆட்சியைப் பிடித்து, 1619இல் போர்த்துக்கேயரிடம் தோற்று, கோவாவுக்குக் கொண்டு போகப்பட்டு, 1623இல் கொல்லப்பட்டவர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்த பிறகுதான் விளங்கியது, இந்த மனிசனுக்கு முகமே இல்லையென்று.

பழைய ஆள் ஒருவரின் முகத்தை முப்பரிமாணத்தில் செய்ய இரண்டு வழி. மண்டையோடு இருந்தால் அதை ஸ்கேன் பண்ணி, எந்த எலும்புக்கு மேல் எவ்வளவு தசை இருக்கும் என்ற அளவுப் பட்டியலை வைத்துக் கட்டி எழுப்பலாம். அல்லது அந்தக் காலத்து ஓவியம், சிலை இருந்தால் அதைப் பார்த்துச் செய்யலாம். சங்கிலியனுக்கு இரண்டும் இல்லை. யாழ்ப்பாணத்து ராசாக்கள் வெளியிட்ட சேது நாணயங்களில் ஒரு பக்கம் நிற்கிற மனித உருவம் உண்டு, மறுபக்கம் நந்தியும் 'சேது' என்ற எழுத்தும். ஆனால் அந்த உருவம் நாலைந்து கோடும் புள்ளியும்தான். அதில் மூக்குத் தேடினால் எங்கட கண்தான் போகும்.

முகம் இருக்கிற ராசாவை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம் என்று சென் தெனிக்குப் போனேன். லாச்சப்பலில் இரண்டாம் நம்பர் மெற்றோ எடுத்து, பிளாஸ் து கிளிஷியில் இறங்கி, பதின்மூன்றுக்கு மாறினால் பசிலிக்கா வாசலில் இறங்கலாம். பிரெஞ்சு ராசாக்களைப் புதைத்த கோவில் அது. புரட்சிக் காலத்தில், 1793இல், கல்லறைகளை உடைத்து எல்லோரையும் கிண்டி எடுத்துப் பொதுக்குழியில் போட்டார்கள். நாலாம் ஹென்றியும் அதில் ஒருவர். பிறகு அவருடைய தலை என்று ஒரு தலை கனபேரின் கை மாறித் திரிந்தது.

2010இல் பிலிப் ஷார்லியே என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் அது அவருடைய தலைதான் என்று எழுதினார்கள். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம், வலது காதில் ஓட்டை, 1594இல் கத்திக்குத்து வாங்கி ஆறின தழும்பு, எல்லாம் பொருந்துகிறதாம். 2013 பெப்ரவரியில் பிலிப் ஃபுரோஷ் என்ற கலைஞர் அந்தத் தலையை வைத்துக் கணினியில் செய்த முகம் வெளிவந்தது. சுருக்கம், தாடி, மச்சம் எல்லாம் சேர்த்து, அச்சு அசல் உயிருள்ள ஆள். அதே வருசம் ஒக்டோபரில் மரபணுக்காரர்கள் வந்தார்கள். இப்போது உயிரோடு இருக்கிற பூர்பன் வம்சத்து ஆண்கள் மூன்று பேரைச் சோதித்து, இந்தத் தலை அந்த வம்சத்தோடு ஒத்துவரவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

இத்தனைக்கும் ஹென்றியின் முகம் தெரியாத முகமில்லை. அவர் கொல்லப்பட்ட 1610ஆம் வருசமே பூர்புஸ் என்ற ஓவியர் வரைந்த சின்னப் படம் லூவ்ரில் தொங்குகிறது. கறுப்பு உடுப்பு, ஒரு பக்கத்து வெளிச்சம். அவர் செத்து ஒன்பது வருசத்தில்தான் நல்லூர் விழுந்தது. ஒரே காலத்து ராசாக்கள். ஒருவருக்கு முகங்கள் கூடிப்போச்சு, மற்றவருக்கு ஒன்றுகூட இல்லை.

எங்கட பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை இடுகாட்டில் எடுத்த, ஏறத்தாழ 2500 வருசப் பழமையான இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்காரர் ஸ்கேன் பண்ணிக் குடுக்க, லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் 'ஃபேஸ் லேப்' முகம் செய்தது. 2025இல் படங்கள் வந்தபோது நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோலுக்கும் கண்ணுக்கும் இன்றைய தமிழ்நாட்டு ஆக்களின் நிறத்தைக் குடுத்திருந்தார்கள். எலும்பின் வடிவம் நிறம் சொல்லாது. மூக்கு நுனி, உதடு, காது எல்லாமே பாதிக்கு மேல் ஊகம்தான். மண்டையோடு கையில் இருக்கிறவர்களின் நிலைமையே இப்படி!

சரி, நானும் தொடங்கினேன். மென்பொருள் பிளெண்டர். 2002இல் இருந்து திறமூலம், மாணவன் பொக்கெட்டுக்கு ஏற்ற விலை: சுழியம் :-) ஒரு உருண்டையில் தொடங்கி, களிமண் பிசைகிற மாதிரி இழுத்தும் அமத்தியும் தலை கொண்டுவர வேண்டும். கமராவைக் கிட்டக் கொண்டு போனால் மூக்கு வீங்கித் தெரியும், தள்ளி வைத்து நீண்ட லென்ஸ் போட வேண்டும். பூர்புஸைப் பார்த்து இடப்பக்கம் ஒரேயொரு விளக்கு, பின்னால் இருட்டு. அவ்வளவில் பழைய ஓவியத்தின் வாசம் வந்துவிடும். தோலுக்குள் வெளிச்சம் கொஞ்சம் ஊறி வெளியில் வரவேண்டும். அதைச் சரியாக வைத்தால் காது மடல் மெல்லிய சிவப்பாகும், அந்த நேரத்தில் ஆள் உயிர் பெற்று எழும்புவார். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

கரைச்சல் தோலில்தான் வந்தது. நான் இறக்கின தோல் படங்கள் எல்லாம் வெள்ளைக்காரத் தோல். கறுப்பாக்கினால் சாம்பல் பூசின பொம்மை மாதிரி வந்தது. கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது மினுக்கம் என்று பிறகுதான் விளங்கியது. நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு மூன்றிலும் வெளிச்சம் எண்ணெய் மாதிரிப் படிய வேண்டும். அதுக்கே ஒரு கிழமை போய்விட்டது.

கடைக்குக் கொண்டு போனேன். அண்ணை கனநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ராசா எல்லோ? கொஞ்சம் வெள்ளையாக்கலாமே தம்பி. மீசையையும் முறுக்கி விடு."

வெள்ளையாக்கிறது எவ்வளவு சுலபம் தெரியுமா? ஒரு பொத்தானை இரண்டு அங்குலம் இழுத்தால் சரி. அந்தச் சுலபம்தான் பயமாக இருந்தது. "வெயிலில குதிரை ஓடின யாழ்ப்பாணத்தான் அண்ணை. உங்களையும் என்னையும் விட வெள்ளையா இருந்திருப்பாரோ?" என்றேன். அண்ணை பதில் சொல்லவில்லை.

அந்த நேரம் அவருடைய மகள் வந்தாள். ஒன்பது வயது. திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "செ லுயி, ஆன் வ்ரே?" உண்மையாவே இவர்தானா என்று. அண்ணை உடனே "ஓம் பிள்ளை, இவர்தான் எங்கட கடைசி ராசா" என்றார்.

எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. நல்லூர்ச் சிலையைப் பார்த்து ஒருத்தரும் இப்படிக் கேட்கமாட்டார்கள், சிலை சிலைதான் என்று தெரியும். இதில் மயிர்த்துளை இருக்கிறது, கண்ணில் ஈரம் இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளை, நல்லூரைக் கண்டதில்லை. அவளுக்கு இனிச் சங்கிலியன் என்றால் நான் மூன்று கிழமையில் பிசைந்த இந்த முகம்தான்.

அன்றிரவு அம்மாவுக்குப் படத்தை அனுப்பிவிட்டு, யாரென்று சொல்லாமல் தொலைபேசியில் கேட்டேன்.

"உது உன்ர பெரியப்பாவல்லோ! ஆர் கீறினது?"

திரும்பிப் பார்த்தேன். மூக்கு, தாடை, ஒரு பக்கம் சரிந்த புருவம், அப்படியே பெரியப்பா. எங்களிடம் இருக்கிறது அவருடைய அடையாள அட்டைப் படம் ஒன்று மட்டும்தான், மற்றதெல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டது. நான் அந்தப் படத்தைப் பார்த்துச் செய்யவே இல்லை. கைக்குத் தெரிந்த முகத்தைக் கை செய்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அண்ணையிடம் இரண்டு விசயம் சொன்னேன். நிறம் மாறாது. படத்துக்குக் கீழே 'இது கற்பனை முகம், சங்கிலியனின் உண்மை முகம் எங்களுக்குக் கிடைக்கவில்லை' என்று தமிழிலும் பிரெஞ்சிலும் போட வேண்டும்.

"கற்பனை எண்டு போட்டால் ஆர் மதிப்பினம் தம்பி?"

மகள் கேட்ட கேள்வியை ஞாபகப்படுத்தினேன். பெரியப்பாவின் கதையையும் சொன்னேன். அண்ணை வெங்காய மூட்டையில் இருந்தபடி படத்தைத் திரும்பப் பார்த்தார். "பெரியப்பா எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "சரி, போடு. ஆனா சின்ன எழுத்தில போடு."

மீசை மட்டும் முறுக்கியாச்சு. அதில் அண்ணை வென்றார் :-)

கலண்டர் அச்சுக்குப் போய்விட்டது. அடுத்த கிழமை, பிளெண்டரில் தலைமயிர் நட்டு நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். வரட்டே?