இஸ்திரி வண்டிக்கு ஒரு கூரை

போன வாரம் என் வெள்ளைக் கைத்தறிப் புடவை இஸ்திரிக்குப் போய்த் திரும்பியபோது, முந்தானையில் மிளகளவு ஓர் ஓட்டை! கரிப்பொறியின் கைங்கரியம். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் தெருமுனைக்குக் கிளம்பினேன். அங்கே அந்தப் பெரியவர் பித்தளைப் பெட்டியைத் திறந்து, கண்களை இடுக்கிக்கொண்டு கரியை விசிறிக்கொண்டிருந்தார். நடுநடுவே இருமல். சண்டை போட வந்தவள், "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இந்தப் புகையை நாம் எல்லோரும் தினந்தோறும் பார்க்கிறோம். பார்த்துவிட்டு, "நாளைக் காலைக்குள் வேண்டும்" என்று துணி மூட்டையை வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். திருவண்ணாமலையில் ஒரு சிறுமி அப்படி வந்துவிடவில்லை.

வினிஷா உமாசங்கருக்கு அப்போது 12 வயது. (இன்று அவர் வளர்ந்த பெண். ஆனாலும் இந்தக் கதையில் 'அவள்' என்றே எழுதுகிறேன்; கோபித்துக்கொள்ள மாட்டார்.) பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், இஸ்திரிக்காரர் ஒருவர் எரிந்து தீர்ந்த கரியைக் குப்பையோடு குப்பையாகக் கொட்டுவதைப் பார்த்தாள். என் குழந்தை இப்படி நடுவழியில் நின்று, "ஏம்மா?" என்று கேட்டிருந்தால், நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். அவளோ விசாரிக்க ஆரம்பித்தாள். ஒரு வண்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ கரி ஆகிறது என்று தெரிந்துகொண்டாள்.

வீட்டுக் கணக்கு எழுதும் நமக்கு இது சட்டென்று புரியும். மாதத்துக்கு 25 நாள் வேலை என்று வைத்தாலும் வருஷத்துக்கு 1,500 கிலோ. அதுவும் ஒரே ஒரு வண்டிக்கு! ஒரு கிலோ கரி கிடைக்க நாலைந்து கிலோ விறகாவது மூட்டத்தில் வேகவேண்டும். நம் பக்கத்தில் சீமைக் கருவேலத்தில்தான் நிறையக் கரி போடுகிறார்கள். அந்த மரம் போனால் போகட்டும் என்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் நெஞ்சுக்குள் போகும் புகை, நல்ல மரம் கெட்ட மரம் என்று பேதம் பார்ப்பதில்லை. கரி கனலும்போது எழும் கார்பன் மோனாக்ஸைடு இன்னும் பொல்லாதது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நாளெல்லாம் பெட்டியின் மேல் குனிந்து நிற்பவருக்கு அது தெரியவா போகிறது?

வினிஷாவின் யோசனை இதுதான். வண்டிக்கு மேலே சூரிய சக்தித் தகடுகள் கூரைபோல் இருக்கும். வெயிலில் 5 மணி நேரம் நின்றால், 6 மணி நேரம் பெட்டி போடப் போதுமான மின்சாரம் பாட்டரியில் சேர்ந்துவிடும். மழை நாளில் வீட்டு மின்சாரத்திலேயே பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றலாம். சைக்கிளைப்போல் மிதித்து வீடு வீடாகப் போகலாம். அதிலேயே பிறருடைய கைபேசிக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்து நாலு காசு சம்பாதிக்கவும் வழி செய்திருந்தாள். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். புகையை மட்டுமா நினைத்தாள்? அந்த மனிதரின் மடியில் இருக்கும் சில்லறையையும் அல்லவா நினைத்திருக்கிறாள்!

பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் பொறியாளர்கள் உதவியால் முழு அளவில் மாதிரி வண்டி உருவாயிற்று. 2019-ல் அப்துல் கலாம் பெயரிலான இக்னைட் விருது, 2020-ல் ஸ்வீடனிலிருந்து சிறுவர் பருவநிலைப் பரிசு. 2021-ல் இங்கிலாந்து இளவரசர் வில்லியம் ஏற்படுத்திய எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்த பதினைந்தில் இதுவும் ஒன்று. முதல் பரிசு கைக்கு எட்டவில்லை. தூய காற்றுக்கான அந்தப் பரிசு, பயிர்க் கழிவை வயலில் கொளுத்தாமல் பயனுள்ள பொருளாக்கும் 'டக்காசார்' இயந்திரத்துக்குப் போயிற்று. அதுவும் நம் டெல்லிக்காரருடையதுதான்! அதே வருஷம் நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், உலகத் தலைவர்களின் முன்னால் நின்று இந்த 15 வயதுப் பெண் பேசினாள். வெறும் வாக்குறுதிகளைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் கோபம் வருகிறது, ஆனால் கோபப்பட எனக்கு நேரமில்லை, வேலை செய்ய வேண்டும் என்றாள்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. நேற்று மாலை கைபேசியில் அந்த வண்டியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"நல்லா யோசிச்சிருக்குதும்மா, பொண்ணு. வெயில் காசு கேக்காது, வாஸ்தவம். ஆனா வண்டி கேக்குமே? கரின்னா அன்னன்னிக்குக் கூலியில அஞ்சு கிலோ வாங்கிப் போட்டுருவேன். இத மொத்தமா இல்ல வாங்கணும்? தவணையில குடுப்பாங்களா?"

பரிசுகளைப் பட்டியல் போட்ட எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை, பாருங்கள்! எங்கள் குடியிருப்பில் அவரிடம் துணி கொடுக்கும் வீடுகள் நாற்பதுக்குக் குறையாது. ஆளுக்குக் கொஞ்சம் முன்பணமாகப் போட்டு, இஸ்திரிக் கூலியில் கழித்துக்கொண்டால் என்ன? மூன்றாம் வீட்டு மாமி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலுமாக வருகிறேன் என்றிருக்கிறார்.